நானிசிவிக்: குன்றின் மேல் போட்ட ஓடுதளம்

கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவின் மேல் விளிம்பில், 6,400 அடி நீளத்துக்கு ஒரு சரளை ஓடுதளம் கிடக்கிறது. பெயர் நானிசிவிக். ஒருகாலத்தில் போயிங் ஜெட் விமானங்கள் இறங்கி ஏறிய இடம். 2011-ல் மூடிவிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் இன்றைக்கும் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். மரம் வளராத பூமி அது. போட்டது போட்டபடி கிடக்கும்.

கைவிடப்பட்ட விமான நிலையங்களின் படங்களை இணையத்தில் நிறையப் பேர் பகிர்கிறார்கள். எல்லாவற்றின் கீழும் ஒரே மாதிரியான வருத்தம்தான்: எப்படி இருந்த இடம், இப்படி ஆகிவிட்டதே! நானிசிவிக் விஷயத்தில் என்னால் அந்த வருத்தத்தில் சேர முடியவில்லை. அதை மூடியது சரியான காரியம். அதுவும் ரொம்பத் தாமதமாக நடந்த சரியான காரியம் என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அந்த ஓடுதளத்தை நான் நேசிக்கவும் செய்கிறேன், அதுதான் சிக்கல்.

முதலில் ஊரைப் பற்றி. ஆர்க்டிக் வட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் 700 கிலோமீட்டர் வடக்கே போனால் ஆர்க்டிக் பே. அங்கே வாழும் இனுயிட் மக்கள் அதை இக்பியார்ஜுக் என்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர். மூன்று பக்கமும் உயர்ந்த குன்றுகள், மிச்சப் பக்கம் கடல். மே மாதத் தொடக்கத்தில் ஏறும் சூரியன் ஆகஸ்ட் தொடக்கம் வரை மறையாது. நவம்பரில் மறைந்தால் ஜனவரி கடைசியில்தான் மறுபடி தலைகாட்டும். ஊர் இருப்பது நுனாவுட் என்ற பெரும் நிலப்பரப்பில். 1999 ஏப்ரல் 1-ம் தேதி தனிப் பிரதேசமாக உருவானது. அதில் இருக்கும் 25 ஊர்களில் ஒன்றுக்குக்கூடத் தெற்கிலிருந்து சாலை கிடையாது. கோடையில் கடல்பனி விலகும் காலத்தில் சரக்குக் கப்பல் வந்து போகும். மற்ற மாதங்களில் ஆள் வந்தாலும் அரிசி மூட்டை வந்தாலும் விமானத்தில்தான்.

சரி, அப்படிப்பட்ட ஊருக்கு ஜெட் விமானம் எங்கே இறங்கியது? ஊரில் இல்லை. ஊரை விட்டுக் குன்றேறி, கரடுமுரடான சரளைச் சாலையில் போய், கடல் மட்டத்திலிருந்து 2,100 அடிக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில். ஏனென்றால் அந்த ஓடுதளம் ஆர்க்டிக் பேக்காகப் போட்டது இல்லை. சுரங்கத்துக்காகப் போட்டது.

1910-11-ல் கேப்டன் பெர்னியே தலைமையில் கனடிய அரசு அனுப்பிய ‘ஆர்க்டிக்’ என்ற கப்பல் இந்தப் பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்தது. அந்தப் பயணத்திலேயே இங்குள்ள பாறைகளில் உலோகத் தாது இருப்பது பதிவாகிவிட்டது. 1950-களின் கடைசியில் டெக்ஸஸ்கல்ஃப் நிறுவனம் வந்து ஆராய்ந்தது. துத்தநாகம், ஈயம், கூடவே கொஞ்சம் வெள்ளி. பிறகு மினரல் ரிசோர்ஸஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் கையில் எடுத்தது. 1974-ல் கனடிய மத்திய அரசும் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சாலை, விமான நிலையம், கப்பல் துறை, குடியிருப்பு என்று அடிப்படை வசதிகளுக்கு அரசு பணம் போடும். பதிலுக்கு 18 சதவீதப் பங்கு பெறும். வேலையாட்களில் 60 சதவீதம் இனுயிட்களாக இருப்பார்கள் என்பது இலக்கு. சுரங்கம் ஓடிய கால் நூற்றாண்டிலும் அந்த இலக்கு ஒருமுறைகூட எட்டப்படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மக்கள் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. நுனாவுட் நில உரிமை ஒப்பந்தம் வந்ததே 1993-ல்தான். 1974-ல் தலைநகர் ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசும் நிறுவனமும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். 1976-ல் தாது வெளியே வர ஆரம்பித்துவிட்டது. ஒப்பந்தத்துக்கும் உற்பத்திக்கும் இடையே இரண்டே வருஷம். அதற்குள் 73-வது வடக்கு அட்சரேகையில், நிரந்தரமாக உறைந்த மண்ணின் மேல், ஓர் ஊர், ஒரு துறை, ஒரு சாலை, ஒரு ஜெட் ஓடுதளம் எல்லாம் எழுந்துவிட்டன. இந்த இரண்டு வருஷக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நான் நேசிக்கிற பகுதிக்கு வருகிறேன். ஜெட் விமானம் எப்படிச் சரளையில் இறங்கும்?

தார் ரோட்டில் லாரி வேகமாகப் போனாலே பின்னால் வருகிற காரின் கண்ணாடியில் ஒரு கல் வந்து அடிக்கும். இங்கே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஒரு விமானம், அதுவும் தரையை ஒட்டித் தொங்கும் இரண்டு எஞ்சின்களோடு. முன்சக்கரம் கல்லை வாரி வயிற்றில் அடிக்கும். எஞ்சின் முழு வேகத்தில் காற்றை இழுக்கும்போது அதன் வாய்க்குக் கீழே தரையிலிருந்து ஒரு சின்னச் சூறைக்காற்று கிளம்பும். அது கல்லைத் தூக்கி எஞ்சினுக்குள் போட்டுவிடும். சுழலும் தகடுகளில் ஒரு கூழாங்கல் பட்டாலே சேதம்தான்.

போயிங் நிறுவனம் 1960-களின் கடைசியில் இதற்கு ஒரு விடை கண்டது. 737-200 விமானத்துக்கு ‘கிராவல் கிட்’ என்று ஒரு துணைத் தொகுப்பு. 1969-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. முன்சக்கரங்களுக்குப் பின்னால் பனிச்சறுக்குப் பலகை போல ஒரு தட்டையான தடுப்பு. சக்கரம் எற்றும் கல் விமானத்தின் வயிற்றை எட்டாமல் அது தடுக்கும். சக்கரம் உள்ளே மடங்கும்போது அந்தத் தடுப்பும் சேர்ந்து மடங்கி மூக்குக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எஞ்சினின் வாய்க்கு முன்னாலும் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினிலிருந்தே எடுத்த அழுத்தக் காற்றை அதன் முனையிலுள்ள துளைகள் கீழ்நோக்கி ஊதும். சூறைக்காற்று உருவாவதற்கு முன்பே கலைந்துவிடும். இது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம்: எஞ்சின் தன் மூச்சிலேயே கொஞ்சத்தை எடுத்து, தன் வாய்க்கு எதிரே உள்ள தரையை ஊதிச் சுத்தம் செய்துகொண்டே ஓடுகிறது.

அதோடு முடியவில்லை. பின்சக்கரக் கால்களில் ஓடும் குழாய்களுக்கு உலோகக் கவசம். இறக்கைக்கு உட்புறம் இறங்கும் மடக்குகளின் அடிப்பகுதிக்குக் கண்ணாடியிழைப் பூச்சு. வயிற்றில் கல் பட்டாலும் உரியாத சாயம். அடியில் இருக்கும் ஆன்டெனாக்கள் தடிமனானவை. மின்னி மின்னி எரியும் சிவப்பு விளக்கு தரையில் இருக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். சக்கரத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர்களும் தார்த் தளத்தில் செய்வது போல நின்ற இடத்தில் எஞ்சினை முழுக்க முறுக்கமாட்டார்கள். நகர்ந்துகொண்டே வேகம் ஏற்றுவார்கள். இறங்கிய பிறகு எஞ்சின் உந்துவிசையை எதிர்ப்பக்கம் திருப்புவதையும் அளந்துதான் செய்வார்கள். நின்று உறுமினால் கல் கிளம்பும், அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இத்தனை பாடு, தார் போட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கே மண் ஆழம்வரை உறைந்து கிடக்கிறது. கறுப்புத் தார் 24 மணி நேர வெயிலில் சூட்டைக் குடித்து அடியிலுள்ள பனியை இளக்கும். இளகினால் தளம் அங்கங்கே அமுங்கும், விரியும். சரளையில் அந்தத் தொல்லை குறைவு; எங்காவது பள்ளம் விழுந்தால் கல்லைக் கொட்டி, கிரேடரை ஓட்டி, ரோலரால் அமுக்கிவிட்டால் போதும். நடுவில் கொஞ்சம் மேடாகவும் ஓரம் சரிவாகவும் வைத்தால் நீர் வடிந்துவிடும். குளிர்காலத்தில் எல்லாம் சேர்ந்து இறுகிக் கல்லாகிவிடும். பனி உருகும் சில வாரங்கள்தான் சோதனை. அந்த நாட்களில் ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நடந்தே போய், காலால் மிதித்து, மண் இளகியிருக்கிறதா என்று பார்ப்பது பயனில்லாத சடங்கு இல்லை. நுனாவுட்டின் ஊர் விமான நிலையங்களில் தார் போட்ட தளம் இன்றும் இக்காலுயிட், ரான்கின் இன்லெட் போன்ற பெரிய ஊர்களில்தான். மற்றவை சரளை.

அப்புறம் இன்னொரு விநோதம். உலகம் முழுக்க ஓடுதளத்துக்கு எண் கொடுப்பது காந்தத் திசையை வைத்து. காந்த ஊசி 90 பாகை காட்டினால் அந்த ஓடுதளம் 09. ஆனால் கனடாவின் வட வான்பரப்பில் இந்த வழக்கம் செல்லாது. காந்த வட துருவம் பக்கத்திலேயே இருந்ததால் அங்கே ஊசியை நம்ப முடியாது. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அந்தத் துருவத்தைக் கண்டது பூத்தியா தீபகற்பத்தில்; பாஃபின் தீவுக்கு மேற்கே, ரொம்பத் தூரமில்லை. அதனால் வடக்கில் ஓடுதள எண்கள் பூமியின் உண்மை வடக்கை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. காந்தத் துருவம் பிறகு மெல்ல நகர்ந்து சைபீரியப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. தெற்கே எத்தனையோ விமான நிலையங்கள் அதனால் எண்களை அழித்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. நானிசிவிக்குக்கு அந்தக் கவலை வந்திருக்கவே வராது.

என்னிடம் கனடிய விமான நிலையங்களின் பழைய கையேடுகள் சில இருக்கின்றன. தடித்த புத்தகம், 56 நாளைக்கு ஒருமுறை புதிதாக அச்சாகும். புதியது வந்ததும் பழையதை விமானிகள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படித் தூக்கிப் போட்டவைதான் என்னிடம் வந்து சேர்ந்தவை. பழைய பிரதியில் நானிசிவிக்குக்கு ஓர் இடம் உண்டு. ஓடுதளத்தின் சின்னக் கோட்டுப்படம், உயரம், நீளம், தளம் ‘சரளை’, வானொலி அலைவரிசை, எரிபொருள் பற்றிய குறிப்பு. பிந்தைய பிரதியில் முந்தைய ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நேராகப் போய்விடுகிறது. எல்லா விமான நிலையங்களும் இப்படித்தான் மறைகின்றன. தரையில் பெரிய எக்ஸ் குறி போடுவார்கள், விளக்கை அணைப்பார்கள், அடுத்த பதிப்பில் அந்தப் பத்தி இருக்காது.

அந்தப் பத்தியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பது: ஆர்க்டிக் பேயிலிருந்து அந்த ஓடுதளத்துக்குப் போய் வந்த மக்கள்.

ஊரையும் சுரங்கக் குடியிருப்பையும் இணைத்த சாலை 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நுனாவுட்டில் ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைத்த சாலை என்று சொல்ல வேறெதுவும் இருந்ததில்லை. அதனாலேயே அதற்கு ஒரு பெருமை உண்டு. நடுநிசிச் சூரியன் காலத்தில் அந்தச் சாலையில் மாரத்தான் ஓட்டமே நடத்தினார்கள், வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து ஓடினார்கள். ஓடிப் பார்க்க அருமையான சாலைதான். ஜனவரி மாத இருட்டில், காற்று பனியை வாரி இறைக்கும்போது, காய்ச்சலில் கிடக்கிற குழந்தையோடு அதே சாலையில் மேலேறுவது வேறு.

நுனாவுட்டின் சின்ன ஊர்களில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம்தான். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே ஊரை விட்டு இக்காலுயிட்டுக்கோ தெற்கிலுள்ள நகரங்களுக்கோ விமானத்தில் போய்விட வேண்டும். கணவனையும் மூத்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு, அந்நிய ஊரில் தங்கிப் பெற்றுக்கொண்டு, கைக்குழந்தையோடு திரும்ப வேண்டும். பல் பிடுங்கவும் கண் பார்க்கவும்கூடப் பயணம்தான். அப்படித் திரும்பி வருகிற தாய்க்கு, விமானம் தரைதொட்ட பிறகும் வீடு வரவில்லை. பச்சிளம் குழந்தையைப் போர்த்திக்கொண்டு, இன்னும் அந்தக் குன்றுச் சாலையில் இறங்க வேண்டும்.

இதோடு மேகம். 2,100 அடி உயரத்து மேட்டு நிலம் என்றால் கடலிலிருந்து வரும் ஈரம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே ஊரில் விரிகுடாவின் மறுகரை தெரியும். மேலே தரையோடு தரையாக மேகம். விமானம் வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். தெற்கிலிருந்து அரசு மானியத்தோடு வந்த பாலும் காய்கறியும் அதிலேயே திரும்பிப் போகும். அந்நாளில் கிழக்கு ஆர்க்டிக்குக்கான மானிய உணவுப் பொருள்கள் கியூபெக்கின் வால்-டோர் நகரிலிருந்துதான் தபால் சரக்காக ஏறும். அவ்வளவு தூரம் வந்த கீரை, ஊருக்கு மேலே நின்று பார்த்துவிட்டு இறங்காமல் போவதை நினைத்துப் பாருங்கள்.

விமானத்துக்குள்ளும் அந்த ஊர்களின் வாழ்க்கை தெரியும். நார்ட்ஏர், பிறகு ஃபர்ஸ்ட் ஏர் என்ற விமான நிறுவனங்கள் வடக்கில் ஓட்டிய 737-கள் பாதிச் சரக்கு, பாதிப் பயணிகள் வகை. முன்பக்கம் பெரிய சரக்குக் கதவு. நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு சுவர். பயணிகள் வால் பக்கப் படியேறிப் பின்பாதியில் உட்கார வேண்டும். சுவருக்கு முன்னால் ஆரஞ்சுப் பெட்டி, டயப்பர் கட்டு, பனிவண்டிக்கான உதிரிப் பாகம், சில சமயம் சவப்பெட்டி. எந்த வாரம் எவ்வளவு சரக்கு, எவ்வளவு ஆள் என்பதைப் பார்த்து அந்தச் சுவரை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். ஓர் ஊரின் தேவையைப் பார்த்துத் தன் உடம்பை மாற்றிக்கொள்ளும் விமானம் என்று அதை நான் மரியாதையோடு சொல்வேன்.

சுரங்கம் 2002 செப்டம்பரில் நின்றது. துத்தநாகத்தின் விலை விழுந்ததுதான் காரணம். தாது ஏற்றுவதற்கென்றே 1978-ல் பனியைத் தாங்கும்படி கட்டிய எம்.வி. ஆர்க்டிக் கப்பல் வேறு வேலைக்குப் போனது. குடியிருப்பை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பயிற்சி மையமாக மாற்றலாமா என்று ஒரு பேச்சு இருந்தது. ஆனால் தாதுப் பொடி காற்றில் பறந்து மண்ணில் ஈயமும் துத்தநாகமும் கலந்திருந்தன. வீடுகளை இடித்துவிட்டார்கள். கழிவு கொட்டிய ஏரிப் பகுதியைப் பாறைத் துகளாலும் சரளையாலும் மூடினார்கள், உறைபனி மேலே ஏறிவந்து கழிவை அப்படியே இறுக்கிக்கொள்ளட்டும் என்று. 2001 கணக்கெடுப்பில் அங்கே சில பத்துப் பேர் இருந்தார்கள், 2006-ல் ஒருவருமில்லை.

ஊர் போய்விட்டது. ஓடுதளம் மட்டும் நின்றது. அது யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் கிளம்பிப் போன பிறகும், ஆர்க்டிக் பே மக்கள் இன்னும் ஒன்பது வருஷம் அந்த மேட்டுக்கு ஏறிப் போய் விமானம் பிடித்தார்கள். ஆளில்லாத சுரங்கத்தின் பெயரைத்தான் அவர்கள் டிக்கெட்டும் சொன்னது.

இந்த ஒன்பது வருஷத்துக்கு நடுவில், 2007 ஆகஸ்டில், அன்றைய கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நுனாவுட்டின் இன்னொரு வடகோடி ஊரான ரெசல்யூட்டுக்கு வந்து ஓர் அறிவிப்பு செய்தார். நானிசிவிக்கின் பழைய கப்பல் துறையைக் கடற்படையின் எரிபொருள் நிரப்பும் தளமாக்கப் போகிறோம் என்று. ஆர்க்டிக்கில் கனடாவின் உரிமையை நிலைநாட்டுவதுதான் நோக்கம். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு திட்டம் தள்ளித் தள்ளிப் போனது, 2012-ல் வெட்டிச் சுருக்கப்பட்டது. வருஷம் முழுக்க ஆள் இருக்கும் தளம் என்ற எண்ணமெல்லாம் போய், கோடையில் கொஞ்ச காலம் மட்டும் பயன்படுகிற எரிபொருள் கிடங்காக இளைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் கழிந்தும் திறக்கவில்லை. ஜெட் இறங்கும் ஓடுதளம் பக்கத்தில் இல்லாமல் போனது திட்டத்துக்கு ஒரு பின்னடைவு என்பது உண்மைதான். அதற்காக ஆர்க்டிக் பே மக்கள் இன்னும் சில காலம் குன்றேறியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆர்க்டிக் பேயிலேயே ஒரு குட்டி ஓடுதளம் இருந்தது, சின்ன விமானங்களுக்கானது. அதை நீட்டினார்கள். இப்போது 4,000 அடிக்குச் சற்றுக் குறைவு; கடல் மட்டத்திலிருந்து நூறு அடி உயரம்தான். 737 இறங்க அது போதாது. ஏடிஆர்-42 போன்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானங்கள் இறங்கும். அது தயாரானதும் நானிசிவிக் மூடப்பட்டது.

இழப்பு இல்லையா? இருக்கிறது. ஜெட் ஒரே மூச்சில் தூக்கி வந்த சரக்கை இந்த விமானங்கள் தூக்காது. பனிவண்டி போன்ற பெரிய பொருள் என்றால் கோடைக் கப்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இக்காலுயிட் 1,200 கிலோமீட்டர் தூரம். விசிறி விமானத்தில் நீளமான பயணம், டிக்கெட் விலை நம் ஊர்க்காரர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு நான் என் கட்சியைப் பேச விரும்பவில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 737-200 உற்பத்தியே 1988-ல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த 737-களின் எஞ்சின்கள் பெரியவை, தரைக்கு இன்னும் நெருக்கமானவை. போயிங் அவற்றுக்குச் சரளைத் தொகுப்பு செய்யவே இல்லை. நானிசிவிக்கை எவ்வளவு நன்றாகப் பராமரித்திருந்தாலும் அதில் இறங்க ஜெட் இல்லாமல் போகும் காலம் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது என்ன என்றால், வீட்டிலிருந்து சில நிமிஷத்தில் விமானம். பாட்டி வருகிறாள் என்றால் பேரப் பிள்ளைகள் எல்லாரும் போய் நிற்கலாம். நோயாளியைக் குன்றின் மேல் ஏற்ற வேண்டாம். வானிலையைப் பார்த்து வானொலியில் விமானிக்குச் சொல்கிறவர் அந்த ஊர்க்காரர். நுனாவுட்டின் சின்ன விமான நிலையங்களில் இது முக்கியமான வேலை, காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், தளத்தில் பனி எவ்வளவு என்று மணிக்கு மணி அளந்து சொல்ல வேண்டும். தான் சொல்கிற வானிலை தன் ஊரின் வானிலை என்பது சின்ன விஷயமா?

வடக்கின் ஓடுதளங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இக்காலுயிட் ஓடுதளம் 1942-ல் அமெரிக்கப் படை ஐரோப்பாவுக்கு விமானங்களை அனுப்பப் போட்டது. மக்கள் அதைச் சுற்றி வந்து குடியேறி அது ஊராகி, இன்று நுனாவுட்டின் தலைநகராகிவிட்டது. ரெசல்யூட்டில் 1947-ல் வானிலை நிலையம், அதை ஒட்டி ஓடுதளம். 1953-ல் கனடிய அரசு தெற்கே கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கியது. பழகிய விலங்குகள் இல்லாத, மூன்று மாதம் இருட்டான நிலம். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010-ல். எங்கே பார்த்தாலும் முதலில் படைக்கோ வானிலைக்கோ தாதுவுக்கோ ஓடுதளம் வரும், பிறகு மக்கள் அதற்கு ஏற்ப நகர வேண்டும்.

ஆர்க்டிக் பேயில் ஒருமுறையாவது இது தலைகீழாக நடந்தது. ஓடுதளம் குன்றிலிருந்து இறங்கி மக்கள் இருக்கும் இடத்துக்கு வந்தது. அதனால்தான் எக்ஸ் குறி போட்ட அந்தச் சரளைப் பரப்பின் படத்தைப் பார்த்து என்னால் உச்சுக்கொட்ட முடிவதில்லை. முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்கு இதற்குத்தான்: தாதுவுக்காக ஜெட் ஓடுதளம் போட இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. மக்களுக்காக ஊருக்குள் ஓர் ஓடுதளத்தை நீட்ட, தாது வெளியே வந்த நாளிலிருந்து எண்ணினால், முப்பத்தைந்து வருஷம். மண் அதே உறைமண், குளிர் அதே குளிர், கிரேடரும் அதே கிரேடர்.

அந்தச் சாலை இன்னும் பயன்படுகிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் அதில் போவார்கள். அடுத்து ஊர் காத்திருப்பது கடல் பக்கம். 2019-ல் லான்காஸ்டர் நீரிணையைச் சுற்றி தல்லுருதியுப் இமாங்கா என்ற பெரும் கடல் பாதுகாப்புப் பகுதியை உருவாக்க இனுயிட்களோடு கனடிய அரசு ஒப்பந்தம் செய்தது. இந்த முறை அவர்கள் கையெழுத்திட்ட தரப்பு. அதன் கூடவே ஆர்க்டிக் பே உட்பட சில ஊர்களுக்குச் சிறுபடகுத் துறைமுகம் கட்டித் தர ஒப்புக்கொண்டார்கள். கொம்புத் திமிங்கிலமும் சீலும் வேட்டையாடப் போகும் படகுகளைக் காற்றடிக்கும்போது கட்டி வைக்க ஒரு தடுப்பு, ஊருக்கு எதிரிலேயே. சுரங்கக்காரர்களுக்கு 1970-களிலேயே பக்கத்து விரிகுடாவில் ஆழ்கடல் கப்பல் நிற்கும் துறை கிடைத்துவிட்டது. மீனவனின் படகுக்கு ஒரு தடுப்புச் சுவர் கேட்கிறார்கள். இதையாவது முப்பத்தைந்து வருஷம் இழுக்காமல் கட்டிக் கொடுங்கள்.